தூண்டுமருந்துகளுக்கான சிறுநீர்ப் பரிசோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலையில் சேரும்போது, மனநல மருத்துவரிடம் தொடர் சிகிச்சையில் இருக்கும்போது, விளையாட்டுப் போட்டி முடிந்ததும், சில நாடுகளில் காவல்துறை பிடித்ததும் என்று பல இடங்களில் இந்தப் பரிசோதனை வருகிறது. கையில் ஒரு காகிதம் கிடைக்கிறது. அதில் ‘பாசிட்டிவ்’ என்று ஒரே சொல். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைப் பற்றியவை கீழே உள்ள கேள்விகள். வரம்பு அளவுகளுக்குப் பெரும்பாலும் அமெரிக்க அரசின் பணியிடப் பரிசோதனை விதிகளையே எடுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் எண்ணாக எழுதி வெளிப்படையாக வைத்திருக்கும் விதிகள் அவை.

தூண்டுமருந்து என்று எவற்றைச் சொல்கிறார்கள்?

மூளையையும் நரம்புகளையும் முடுக்கிவிட்டு விழிப்பையும் வேகத்தையும் கூட்டும் மருந்துகள். சட்டத்துக்குப் புறம்பாக விற்கப்படுபவற்றில் மெத்தம்பெட்டமைன், கோகைன், எக்ஸ்டசி எனப்படும் எம்.டி.எம்.ஏ., மெபெட்ரோன் ஆகியவை முக்கியமானவை. மருத்துவர் சீட்டில் எழுதுபவற்றில் மெதில்பெனிடேட், ஆம்ஃபெட்டமைன், லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமைன் ஆகியவை வருகின்றன. இவை பெரும்பாலும் ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைபாட்டுக்குக் கொடுக்கப்படுபவை.

சிக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவில் மருந்துக்கடையில் முறையாக வாங்கும் ஆடரால் மாத்திரையில் இருப்பதும் ஆம்ஃபெட்டமைன்தான்; கள்ளச்சந்தைப் பொடியில் இருப்பதும் அதே மூலக்கூறாக இருக்கலாம். ஆய்வகம் மூலக்கூறைக் கண்டுபிடிக்கும். அதன் பின்னால் மருந்துச்சீட்டு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

ரத்தத்தை எடுக்காமல் ஏன் சிறுநீர்?

ஊசி வேண்டாம், நிறையக் கிடைக்கும், மருந்தும், உடலில் அது உடைந்து உருவாகும் சிதைபொருள்களும் அதில் செறிந்து சேர்கின்றன. ரத்தத்திலிருந்து பெரும்பாலும் ஓரிரு நாளுக்குள் மறைந்துவிடுவது சிறுநீரில் மேலும் சில நாள்கள் தெரியும். அதற்கு ஈடாக நாம் இழப்பது ஒன்று உண்டு: சிறுநீர் கடந்துபோனதைத்தான் சொல்லும், இந்த நிமிடத்து நிலையைச் சொல்லாது.

முதல்கட்டப் பரிசோதனை எப்படி நடக்கிறது?

எதிர்ப்பொருள்களைக் கொண்டு. ஆம்ஃபெட்டமைனின் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும்படி தயாரித்த எதிர்ப்பொருள் கருவியில் இருக்கிறது. கூடவே, குறியிடப்பட்ட கொஞ்சம் மருந்தும் வைக்கப்பட்டிருக்கிறது. சிறுநீரில் வரும் மருந்தும் அதுவும் ஒரே எதிர்ப்பொருளுக்குப் போட்டி போடுகின்றன. சிறுநீரில் மருந்து அதிகமானால் அது இடத்தைப் பிடித்துக்கொள்ளும், குறியிட்டது ஒதுங்கிவிடும்.

பட்டை வடிவக் கருவிகளில் இந்தப் போட்டி காரணமாக ஒரு தலைகீழ் விஷயம் நடக்கிறது. கோடு தெரிந்தால் நெகட்டிவ். கோடு தெரியாவிட்டால்தான் பாசிட்டிவ். கர்ப்பப் பரிசோதனைப் பட்டையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது நேர்மாறாகப் படும். அதைவிட மோசம் மங்கலான கோடு. ஆம்ஃபெட்டமைனைக் குறிக்கும் ‘AMP’ என்ற எழுத்துகளுக்கு எதிரே இளஞ்சிவப்பில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு கோடு நிற்கும். அதைப் பார்த்து ‘லேசாகப் பாசிட்டிவ்’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான், முடிவு நெகட்டிவ். பட்டை சரியாக வேலை செய்கிறது என்று காட்ட மேலே இருக்கும் கட்டுப்பாட்டுக் கோடு வராவிட்டால் மட்டும் அந்தப் பட்டையையே தூக்கிப் போட வேண்டும்.

வரம்பு அளவு என்பது என்ன?

அதற்கு மேல் இருந்தால் பாசிட்டிவ், கீழே இருந்தால் நெகட்டிவ் என்று முன்கூட்டியே முடிவு செய்த எண். அமெரிக்க விதிகளில் ஆம்ஃபெட்டமைன் வகைக்கு முதல்கட்ட வரம்பு ஒரு மில்லிலிட்டருக்கு 500 நானோகிராம். 2010 வரை அது 1000 ஆக இருந்தது. கோகைனுக்கு 300 ஆக இருந்தது 150 ஆகக் குறைக்கப்பட்டது. ஆகவே நெகட்டிவ் என்றால் ‘துளியும் இல்லை’ என்று பொருளல்ல; வரம்புக்குக் கீழே என்பது மட்டுமே பொருள்.

முதல்கட்டத்தில் பாசிட்டிவ் வந்துவிட்டது. போதைப்பொருள் எடுத்தது உறுதிதானே?

இல்லை. எதிர்ப்பொருளுக்குத் தெரிந்தது மூலக்கூறின் ஒரு முகச்சாயல் மட்டுமே. அந்தச் சாயல் உள்ள வேறு மருந்துகள் ஏராளம். முதல்கட்ட பாசிட்டிவைச் சந்தேகம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மருந்தின் பெயரைச் சொல்லும் தகுதி இரண்டாம் கட்டத்துக்குத்தான் உண்டு.

இரண்டாம் கட்டத்தில் வாயு குரோமடோகிராபி அல்லது திரவ குரோமடோகிராபியோடு இணைந்த மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் பயன்படுகிறது. குரோமடோகிராபி கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய நேரத்தில் வெளியே அனுப்புகிறது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அதைத் துண்டுகளாக உடைத்து அந்தத் துண்டுகளின் நிறையை அளக்கிறது. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். உடல் எடையைக் குறைக்கத் தரும் ஃபென்டர்மைன் என்ற மருந்தின் மூலக்கூறு எடையும் மெத்தம்பெட்டமைனின் எடையும் ஒன்றேதான். அணுக்கள்கூட அதே எண்ணிக்கை, அடுக்கு மட்டும் வேறு. எடையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். வெளிவரும் நேரமும் உடையும் விதமும்தான் இரண்டையும் பிரித்துக்காட்டுகின்றன.

உறுதிப்படுத்தும் கட்டத்தில் ஆம்ஃபெட்டமைனுக்கு வரம்பு 250 நானோகிராம், கோகைனின் சிதைபொருளுக்கு 100.

இரண்டாம் கட்டம் நடக்காமல் ஒருவரை வேலையை விட்டு நீக்குவதும், சிகிச்சையிலிருந்து விலக்குவதும் என் கணக்கில் அநியாயம். செலவு அதிகம் என்ற சமாதானம் எடுபடாது.

அவ்வளவு நுட்பமான கருவி தவறாதா?

தவறியிருக்கிறது. 1990ஐ ஒட்டிய காலத்தில் அமெரிக்காவில் சில மாதிரிகளில் மெத்தம்பெட்டமைன் இருப்பதாக முடிவு வந்தது. ஆனால் அந்த மாதிரிகளில் உண்மையில் நிறைய இருந்தவை எஃபெட்ரினும் சூடோஎஃபெட்ரினும். அதாவது சளி, மூக்கடைப்புக்கான சாதாரண மருந்துகள். இவற்றுக்கும் மெத்தம்பெட்டமைனுக்கும் உள்ள வேறுபாடு ஓர் ஆக்சிஜன் அணுதான். வாயு குரோமடோகிராபியில் மாதிரி முதலில் நுழையும் சூடான அறையில், சில வேதிப்பொருள்களின் துணையோடு, அந்த ஆக்சிஜன் கழன்றுபோய்க் கருவிக்குள்ளேயே கொஞ்சம் மெத்தம்பெட்டமைன் உருவாகிவிட்டது.

அதற்குக் கொண்டுவந்த தீர்வு அழகானது. மெத்தம்பெட்டமைன் உடலுக்குள் போனால் அதில் ஒரு பகுதி ஆம்ஃபெட்டமைனாக மாறித்தான் வெளியேறும். கருவிக்குள் உருவாகும் போலிக்கு அந்தத் துணை இருக்காது. எனவே ஆம்ஃபெட்டமைனும் குறிப்பிட்ட அளவு இருந்தால்தான் மெத்தம்பெட்டமைன் பாசிட்டிவ் என்று எழுதலாம் என்று விதி வந்தது. இப்போது அந்த அளவு 100 நானோகிராம்.

எந்தெந்த மருந்துகள் முதல்கட்டத்தில் பொய்யான பாசிட்டிவ் தரக்கூடும்?

மனச்சோர்வுக்கும் புகைப்பழக்கத்தை விடவும் தரும் புப்ரோபியான், ஒவ்வாமைக்கும் வாந்திக்கும் தரும் புரோமெத்தசின், தூக்கத்துக்குத் தரும் டிராசோடோன், வயிற்று எரிச்சலுக்கான ரானிடிடின், மேலே சொன்ன ஃபென்டர்மைன், சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மருந்துகள். கருவிக்குக் கருவி இது மாறும். ஒரு நிறுவனத்தின் பட்டையில் தொல்லை தருவது இன்னொன்றில் ஒன்றும் செய்யாது.

இந்த வரிசையில் என்னை அதிகம் உறுத்துவது லேபெட்டலால். கர்ப்ப காலத்து ரத்தக்கொதிப்புக்கு மகப்பேறு மருத்துவர்கள் வழக்கமாக எழுதும் மாத்திரை அது. அதன் சிதைபொருள் ஒன்று ஆம்ஃபெட்டமைனின் சாயலில் இருக்கிறது. பிரசவத்துக்கு வரும் பெண்களின் சிறுநீரைச் சோதிக்கும் வழக்கமுள்ள மருத்துவமனைகளில், கொதிப்புக்கு ஒழுங்காக மாத்திரை சாப்பிட்ட ஒரு தாயின்மீது போதைப்பழக்கம் என்ற சந்தேகம் விழ இது போதும். குழந்தை கையில் வருவதற்கு முன்பே குழந்தைகள் நலத்துறை வந்து நிற்கும் நாட்டில் இது சின்ன விஷயமல்ல.

பரிசோதனைக்காக எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். கடந்த இரண்டு வாரங்களில் சாப்பிட்டவற்றை, கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரை வரைக்கும், எழுதிக்கொண்டு போங்கள்.

பல் பிடுங்கும்போது மரத்துப்போக ஊசி போட்டார்கள். கோகைன் பாசிட்டிவ் வருமா?

வராது. அந்த ஊசியில் வழக்கமாக இருக்கும் லிக்னோகைன் என்ற பெயரின் வால் கோகைனை நினைவூட்டினாலும் மூலக்கூறு வேறு. கோகைன் பரிசோதனை தேடுவது பென்சாயில்எக்கோனின் என்ற சிதைபொருளை. அந்த எதிர்ப்பொருள் ஆம்ஃபெட்டமைனுக்கானதைப் போல எளிதில் ஏமாறுவதில்லை. ஆனால் பெரு, பொலிவியா நாடுகளில் சுற்றுலாப் பயணிகளுக்குக் கொடுக்கும் கோகா இலைத் தேநீரைக் குடித்தால் பாசிட்டிவ் வரும். அது பொய்யான பாசிட்டிவும் அல்ல, இலையில் கோகைன் உண்மையாகவே இருக்கிறது.

ஏ.டி.எச்.டி.க்கு மெதில்பெனிடேட் சாப்பிடுகிறேன். பாசிட்டிவ் வருமா?

வழக்கமான ஆம்ஃபெட்டமைன் பரிசோதனையில் பொதுவாக வராது. இரண்டும் ஒரே நோய்க்குக் கொடுக்கப்படுவதால் பலரும் ஒன்று என நினைக்கிறார்கள். மெதில்பெனிடேட்டைத் தேட வேண்டுமானால் அதற்கென்றே தனியாகக் கேட்க வேண்டும். அப்போதும் ஆய்வகம் முக்கியமாகத் தேடுவது மெதில்பெனிடேட்டை அல்ல, ரிட்டாலினிக் அமிலத்தை. விழுங்கிய மருந்தில் பெரும்பகுதி அந்த அமிலமாகித்தான் சிறுநீரில் வருகிறது.

ஆடரால், லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமைன் சாப்பிடுபவர்களுக்குக் கதை வேறு. அவர்களுக்குப் பாசிட்டிவ் வந்தே தீரும், வர வேண்டும். அமெரிக்க முறையில் அந்த முடிவு நேரே முதலாளியிடம் போவதில்லை. இடையில் ஒரு மருத்துவ ஆய்வு அதிகாரி இருக்கிறார். அவர் உங்களை அழைத்துப் பேசி, மருந்துச்சீட்டைச் சரிபார்த்து, முறையான காரணம் இருந்தால் நெகட்டிவ் என்றே அறிவிப்பார். பல நாடுகளில் இப்படி ஓர் ஆள் நடுவில் இல்லாததுதான் குறை.

மருந்து சாப்பிடுபவரின் சிறுநீரில் மருந்து இல்லை. ஏமாற்றுகிறார் என்று அர்த்தமா?

சில மருத்துவமனைகளில் தூண்டுமருந்து எழுதிக்கொடுக்கும் முன் இந்தப் பரிசோதனை செய்கிறார்கள். நோயாளி மருந்தைச் சாப்பிடுகிறாரா, விற்கிறாரா என்று பார்க்க. நோக்கம் நியாயமானதே. ஆனால் அங்கே நெகட்டிவ் வந்தவுடன் முகம் மாறிவிடுகிறது.

முதலில் கேட்க வேண்டியது, எந்தப் பரிசோதனை செய்தார்கள் என்பது. மெதில்பெனிடேட் சாப்பிடுபவருக்கு ஆம்ஃபெட்டமைன் பட்டையை வைத்துவிட்டு ‘மருந்தே இல்லை’ என்று சொன்னால் தவறு நோயாளியுடையது அல்ல. அடுத்து, கடைசி மாத்திரை எப்போது? மெதில்பெனிடேட் ஓரிரு நாளில் மறைந்துவிடும். சனி, ஞாயிறு மருந்துக்கு விடுமுறை விடச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. அவர்களுடைய நோயாளி திங்கட்கிழமை காலை வந்து சிறுநீர் கொடுத்தால் என்ன கிடைக்கும்? தண்ணீர் அதிகம் குடித்துச் சிறுநீர் நீர்த்துப்போயிருக்கலாம். பசியின்மையோ தூக்கமின்மையோ தாங்காமல் நோயாளி மருந்தை நிறுத்திவிட்டு, சொல்லக் கூச்சப்பட்டிருக்கலாம். இவை எல்லாவற்றையும் கேட்ட பிறகுதான் விற்பனைச் சந்தேகம்.

எதிர்ப்பக்கத் தந்திரமும் இருக்கிறது: மாத்திரையைச் சாப்பிடாமல், பொடித்து நேரே குப்பியில் போடுவது. மெதில்பெனிடேட்டைப் பொறுத்தவரை இது எளிதில் அகப்படும். மூல மருந்து மிக அதிகமாகவும் ரிட்டாலினிக் அமிலம் பெயரளவுக்கும் இருந்தால், அந்த மருந்து எந்த உடலையும் கடந்து வரவில்லை.

ஆம்ஃபெட்டமைன் மருந்து சாப்பிடுபவர் மெத்தும் எடுத்தால் தெரியுமா?

தெரியும். மெத்தம்பெட்டமைன் உடலில் ஆம்ஃபெட்டமைனாகும். ஆம்ஃபெட்டமைன் மெத்தம்பெட்டமைனாக மாறாது. ஆடரால் மட்டும் சாப்பிட்டவரிடம் ஆம்ஃபெட்டமைன் மட்டும்தான் இருக்கும். இரண்டும் இருந்தால் ‘என் மாத்திரைதான் காரணம்’ என்ற விளக்கம் நிற்காது.

இதில் இன்னோர் அடுக்கு உண்டு. இந்த மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல இடது, வலது என்று இரண்டு வடிவங்களில் வருகின்றன. மூளையை முடுக்குவதில் வலது வடிவம் பலமானது, கள்ளச்சந்தைச் சரக்கில் பெரும்பாலும் இருப்பது அதுவே. இடது வடிவ மெத்தம்பெட்டமைன் அமெரிக்காவில் கடையில் விற்ற விக்ஸ் மூக்கு இன்ஹேலர் ஒன்றில் இருந்தது. பார்கின்சன் நோய்க்கான செலெகிலின் உடலில் சிதையும்போதும் இடது வடிவமே வருகிறது. சாதாரணக் கருவி இரண்டையும் பிரிக்காது. தனி முறை வேண்டும். அமெரிக்காவில் பின்பற்றும் கணக்கின்படி, மொத்தத்தில் 20 சதவீதத்துக்கு மேல் வலது வடிவமாக இருந்தால் இன்ஹேலரைக் காரணம் காட்ட முடியாது. ஆடராலில் வலதும் இடதும் 3:1 என்ற விகிதத்தில் இருக்கின்றன. லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமைனிலிருந்து வருவது வலது மட்டும். ஆக, எந்த மாத்திரை என்றுகூட ஓரளவு யூகிக்கலாம்.

எத்தனை நாள் வரை தெரியும்?

தோராயமாக ஆம்ஃபெட்டமைன் ஒன்று முதல் மூன்று நாள், மெத்தம்பெட்டமைன் இரண்டு முதல் நான்கு நாள், கோகைனின் சிதைபொருளும் அவ்வளவே. நாள்தோறும் அதிகம் எடுப்பவர்களிடம் இது நீளும். கோகைன் ஒரு வாரத்தைத் தாண்டியும் தெரிவதுண்டு. ஆம்ஃபெட்டமைன் வகை காரத்தன்மை உள்ளது என்பதால் சிறுநீரின் அமிலத்தன்மையைப் பொறுத்து வேகமாகவோ மெதுவாகவோ வெளியேறும். இணையத்தில் மணிக்கணக்கில் துல்லியமாகச் சொல்லும் பட்டியல்களை நம்பாதீர்கள்.

எவ்வளவு எடுத்தார், போதையில் இருந்தாரா என்று அந்த எண்ணிலிருந்து சொல்லலாமா?

முடியாது. 900 வந்தவர் 400 வந்தவரைவிட அதிகம் எடுத்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. காலையில் தண்ணீரே குடிக்காதவரின் சிறுநீரும் இரண்டு செம்பு குடித்தவரின் சிறுநீரும் ஒன்றா?

நிறையத் தண்ணீர், ‘சுத்தமாக்கும்’ பானம், வேறொருவரின் சிறுநீர்: இவை ஆய்வகத்துக்குத் தெரியுமா?

மருந்தைத் தேடும்போதே, இது மனிதச் சிறுநீர்தானா என்றும் பார்க்கிறார்கள். குப்பியின் பக்கவாட்டில் வெப்பநிலைப் பட்டை ஒட்டியிருக்கும். கொடுத்த நான்கு நிமிடத்துக்குள் 32 முதல் 38 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். கிரியேட்டினின் (உடல் இயல்பாகவே சிறுநீரில் வெளியேற்றும் கழிவுப்பொருள்), அடர்த்தி, அமில-கார அளவு, நைட்ரைட் போன்ற கலப்படப் பொருள்கள் என்று வரிசையாகச் சோதனை உண்டு. கிரியேட்டினின் 100 மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே போய் அடர்த்தியும் குறைந்தால் ‘நீர்த்த மாதிரி’. 2 மில்லிகிராமுக்கும் கீழே போய் அடர்த்தியும் இயல்புக்கு மாறாக இருந்தால் அது மனித உடலிலிருந்து வந்ததாகவே ஏற்கப்படாது. பரிசோதனைக்கு மறுத்ததாகவே கருதப்படும். கழிப்பறைத் தண்ணீரில் நீலச்சாயம் கலந்திருப்பதும் இதற்காகத்தான். ‘சுத்தமாக்கும்’ பானங்களால் லாபம் விற்பவருக்கு.

பக்கத்தில் யாரோ புகைத்தால் எனக்குப் பாசிட்டிவ் வருமா?

சாதாரணச் சூழலில் வரம்பைத் தாண்டும் அளவுக்கு வராது.

மெபெட்ரோன் போன்ற புதிய சரக்குகள் அகப்படுமா?

வழக்கமான ஆம்ஃபெட்டமைன் பட்டையில் பெரும்பாலும் அகப்படாது. இந்தியாவில் 2015இல் மெபெட்ரோனைப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். சட்டத்துக்குள் வந்துவிட்டதால் பட்டைக்குள் வந்துவிடாது. அதைத் தேடும்படி அமைத்த மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிதான் வேண்டும்.

விளையாட்டு வீரர்களுக்கு ஏன் வேறு விதி?

அங்கே கேள்வி போதை அல்ல, ஆதாயம். தூண்டுமருந்துகள் போட்டிக் காலத்தில் மட்டும் தடை செய்யப்பட்டவை. சளி மருந்துகளுக்கும் எண் உண்டு: எஃபெட்ரின் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம், சூடோஎஃபெட்ரின் 150. காஃபீனைத் தடைப்பட்டியலிலிருந்து 2004இல் எடுத்துவிட்டார்கள்.

2000 சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனியாவின் 16 வயது ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை ஆண்ட்ரேயா ரடுகான், அணி மருத்துவர் சளிக்குக் கொடுத்த மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் இருந்ததால், தனிநபர் தங்கத்தை இழந்தார். மாறாக, 2016இல் இணையத் திருடர்கள் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸின் மருத்துவக் கோப்பை வெளியிட்டபோது, அவர் மெதில்பெனிடேட் எடுத்தது தெரிந்தது. சிறு வயதிலிருந்தே தமக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாக அவர் வெளிப்படையாகச் சொன்னார். மருத்துவப் பயன்பாட்டு விலக்கு, அதாவது சிகிச்சைக்காகத் தடை மருந்தை எடுக்கும் அனுமதி, முன்கூட்டியே வாங்கப்பட்டிருந்ததால் பதக்கங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாவட்ட அளவில் ஓடும் பிள்ளைகளின் பெற்றோரும் இந்த விலக்கு என்ற சொல்லைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

சிங்கப்பூர், வளைகுடா, ஜப்பான் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

சிங்கப்பூரில் மாதிரியை மூன்றாகப் பிரிக்கிறார்கள். ஒரு பகுதி உடனடிப் பரிசோதனைக்கு; மற்ற இரண்டும் சுகாதார அறிவியல் ஆணையத்தில் வெவ்வேறு ஆய்வாளர்களிடம் போகின்றன. இருவர் முடிவும் ஒத்துப்போக வேண்டும். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் போதைப்பொருள் எடுத்துவிட்டு வந்தாலும் அங்கே குற்றம்தான்.

ஐக்கிய அரபு அமீரகத்துக்குக் கட்டுப்பாட்டு மருந்து கொண்டுபோக முன் அனுமதி வேண்டும். ஜப்பானில் ஆம்ஃபெட்டமைன் கலந்த மாத்திரைக்கு மருந்துச்சீட்டு இருந்தாலும் அனுமதி கிடையாது. விமானம் ஏறும் முன் முடிக்க வேண்டிய வேலை இது. இறங்கிய பிறகு விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

மகன்மீது சந்தேகம். கடையில் பட்டை வாங்கி வீட்டிலேயே சோதிக்கலாமா?

வேண்டாம் என்பேன். மேலே சொன்ன அத்தனை குழப்பங்களும் ஓர் ஆய்வகம் இல்லாமல், ஒரு கழிப்பறை வாசலில், கோபத்தோடு நிற்கும் அப்பாவின் கையில் வந்து சேரும். பாசிட்டிவ் பொய்யாக இருக்கலாம். நெகட்டிவ் வந்தாலும் அவன் எடுப்பது அந்தப் பட்டையில் இல்லாத சரக்காக இருக்கலாம். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

முடிவு தவறு என்று நினைக்கிறேன். என்ன செய்யலாம்?

அமெரிக்கப் பணியிட முறையில் 45 மில்லிலிட்டர் வாங்கி 30, 15 என்று இரண்டு குப்பிகளில் ஊற்றி, உங்கள் கண்ணெதிரே முத்திரை வைப்பார்கள். முடிவு தெரிந்த 72 மணி நேரத்துக்குள் கேட்டால் இரண்டாவது குப்பி வேறோர் ஆய்வகத்துக்குப் போகும்.

இந்த வசதி இல்லாத இடங்களில் எழுத்துமூலம் கேளுங்கள்: செய்த முறை என்ன, பட்டை மட்டுமா, மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியும் நடந்ததா, வரம்பு அளவு எவ்வளவு, கண்டறிந்த பொருளின் பெயர் என்ன, ‘ஆம்ஃபெட்டமைன் வகை’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்களா, கிரியேட்டினின் எவ்வளவு, மீதி மாதிரி உறைநிலையில் இருக்கிறதா. மருந்துச்சீட்டின் நகலையும் சாப்பிட்ட மருந்துகளின் பட்டியலையும் அந்தக் கடிதத்தோடு இணைத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.